கிரான் டூரிஸ்மோ ஒரிஜினல் சீடி: கொழும்பில் தேடிப் பிடிப்பதும் விலை மதிப்பதும்

சோனியின் முதலாவது பிளேஸ்டேஷனுக்கு வந்த கார் ரேஸிங் கேமான கிரான் டூரிஸ்மோ ஓர் அரிய கேம் இல்லை. இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் விலை விஷயத்தில் உங்களை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது. 1997 டிசம்பர் 23 ஜப்பானில் வந்தது, 1998 மே மாதம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வந்தது, உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அந்த மெஷினில் இதைவிட அதிகம் விற்ற கேம் வேறு கிடையாது. ஆகவே வெறும் சீடி உலகத்தில் எங்கும் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் கொழும்பில், பெட்டி, புக்லெட், பின்பக்க அட்டை எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஒரு ஒரிஜினல் பிரதியைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் இங்கே விற்ற மெஷின்களில் அநேகமாக எல்லாமே சிப் அடித்தவை (கொப்பி சீடியும் ஓடும்படி உள்ளே ஒரு சிப் பூட்டியவை), நாங்கள் எல்லாரும் விளையாடியது பிளாஸ்டிக் உறையில் வந்த கொப்பி சீடி.

அதனால் இங்கே சேர்க்கிறவர் தேடவேண்டியது கேமை அல்ல, அதன் காகிதத்தை. விலையும் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கேமை ஏன் சேர்க்கவேண்டும் என்று கேட்டால் என் பதில் நேரானது. கையில் 10,000 கிரெடிட் காசோடு தொடங்கி, ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, லைசன்ஸ் பரீட்சை எழுதி, ஓடி வெல்லும் காசில் பார்ட்ஸ் மாற்றிக்கொண்டு போகிற கேம் இது. ரீகண்டிஷன் வாகனம் வாங்கி, பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி உதிரிப்பாகம் தேடுகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கேம் வேறு எது? டெமியோவும் லான்சரும் காலி வீதியில் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அதே வாகனங்கள் திரையில் தங்கள் உண்மையான பெயரோடு வந்து நின்றது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு முன்னர் வந்த ரேஸிங் கேம்களில் பெரும்பாலும் கற்பனைக் கார்கள்தான்.

எங்கே தேடலாம்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா, புறக்கோட்டைக் கடைகள் என்று ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கேட்கிற விதம் முக்கியம். "பிஎஸ் வன் சீடி இருக்கா?" என்று கேட்டால் கொப்பிதான் வரும். "நானா, பழைய பிஎஸ் வன் சீடி ஏதும் கிடக்கா, கவரும் புக்கும் சேர்த்து, அடிப்பக்கம் கறுப்பா இருக்கிறது?" என்று கேளுங்கள், ஒரிஜினல் சீடியின் அடி கறுப்பு. இல்லை என்றால் அவருக்கே உடனே தெரியும், உங்கள் நேரம் மிச்சம். இருக்கிறது என்றால் அநேகமாக ஏதோ ஒரு லாச்சிக்குள் வேறு சாமான்களோடு கிடக்கும், கொஞ்சம் பொறுமையாக நிற்கவேண்டும்.

உண்மையில் கடையைவிட வீடுதான் நல்ல இடம். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வீடு மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அலுமாரியைக் காலி பண்ணுகிறவர்கள், இவர்களிடம் சொல்லி வையுங்கள். இக்மன் இணையத்தள விளம்பரங்களில் பழைய மெஷினோடு சீடிகளையும் மொத்தமாகப் போடுவார்கள், விற்கிறவருக்கு எது எதுவென்று தெரிந்திருக்காது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தடித்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று அந்தக் குவியலுக்குள் தெரிந்தால் நிறுத்தி விசாரியுங்கள், ஏனென்றால் ஐரோப்பியப் பிரதிகளின் பெட்டி வழமையான சீடிப் பெட்டியைவிடத் தடிப்பானது, கொப்பிக்காரர் யாரும் அதற்குச் செலவழிக்கவில்லை.

அப்புறம் சொந்தக்காரர். பெரியம்மாவின் மகன் ஹரோவில் இருந்தால், சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடையில் எட்டிப்பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? லண்டன், பாரிஸ், ஜெர்மனி, சுவிஸ், ஆஸ்திரேலியா என்று எங்கள் ஆட்கள் பரவியிருக்கும் நாடுகளில் பாதிக்கு மேல் பால் (PAL) எனும் ஐரோப்பிய வகைப் பிரதி விற்ற நாடுகள். "கிரான் டூரிஸ்மோ கண்டா எடுத்து வா" என்று மட்டும் சொல்லாதீர்கள். சீடியின் அடிப்பக்கம், புக்லெட்டின் நடுப்பக்கம், பெட்டியின் முதுகு, இந்த மூன்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், பார்த்த பிறகு காசு கொடுக்கட்டும். வரும்போது கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், சூட்கேஸுக்குள் அந்தப் பெட்டியின் பிணைச்சல் உடையாமல் வருவது அபூர்வம்.

எந்த நாட்டுப் பிரதி

சீடியிலும் பெட்டியின் முதுகிலும் ஒரு குறியீடு இருக்கும். நாலு ஆங்கில எழுத்தும் ஐந்து இலக்கமும். மூன்றாவது எழுத்தைப் பாருங்கள்: இ (E) என்றால் ஐரோப்பா, யு (U) என்றால் அமெரிக்கா, பி (P) என்றால் ஜப்பான். இரண்டாவது எழுத்து சி (C) என்றால் சோனியே வெளியிட்டது, எல் (L) என்றால் வேறு கம்பெனி. கிரான் டூரிஸ்மோவின் ஐரோப்பியப் பிரதி எஸ்சிஇஎஸ்-00984, அமெரிக்கப் பிரதி எஸ்சியுஎஸ்-94194, ஜப்பான் பிரதி எஸ்சிபிஎஸ்-10045. இதைப் படித்துப் பழகினால் எந்த ரேஸிங் கேமையும் கையில் எடுத்தவுடன் பிடிபடும். ஜப்பானில் மெஷின் வந்த அதே நாளில், 1994 டிசம்பர் 3, வந்த ரிட்ஜ் ரேஸரின் குறியீடு எஸ்எல்பிஎஸ்-00001. அந்த ஒற்றை இலக்கத்துக்காகவே அதைத் தேடி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அதை நியாயமான ஆசை என்றே நினைக்கிறேன்.

கனடாவில் இருக்கும் அண்ணா கொண்டுவருவது அமெரிக்கப் பிரதி என்பதை மறக்கவேண்டாம். சிப் இல்லாத ஐரோப்பிய மெஷினில் அது ஓடாது. ஜப்பான் மெஷின் வாங்கினால் அது 100 வோல்ட், எங்கள் சுவரில் வருவது 230. டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகினால் பவர் சப்ளை போய்விடும். வைத்துப் பார்க்க மட்டும் என்றால் எந்த நாடும் பரவாயில்லை, ஜப்பான் பிரதிகள் பெரும்பாலும் சுத்தமாகவும் மலிவாகவும் கிடைக்கும். ஓட்டவும் வேண்டும் என்றால் முதலில் உங்கள் மெஷின் என்ன என்று பாருங்கள்.

ஐரோப்பியப் பிரதியிலும் இரண்டு வகை. முதல் வெளியீடு ஒன்று, நன்றாக விற்ற பிறகு மலிவு விலையில் மறுபடி விட்ட பிளாட்டினம் ஒன்று. அட்டையில் வெள்ளி நிறமும் பிளாட்டினம் என்ற பெயரும் இருக்கும், ஒளிக்க முடியாது. கேம் அதே கேம்தான், விலை குறைவு. முதல் வெளியீட்டின் விலையைக் காட்டி பிளாட்டினத்தை விற்க வருபவரிடம் அட்டையைத் திருப்பிக் காட்டுங்கள், போதும்.

ஒரிஜினலா கொப்பியா

"போட்டுப் பாருங்க தம்பி, ஓடுது" என்பார்கள். சிப் அடித்த மெஷினில் ஓடுவதால் ஒன்றும் நிரூபணமாகாது, அதுதான் சிப்பின் வேலையே. ஒரிஜினல் சீடியின் ஆரம்பப் பகுதியில் தடம் மிக நுண்ணியதாக அசைந்து அசைந்து போகும்படி தொழிற்சாலையில் அச்சடித்திருக்கிறார்கள், அந்த அசைவுக்குள் எந்தப் பிரதேசம் என்ற எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர் ரைட்டரால் அதை எழுத முடியாது. மெஷின் அதைத் தேடும்போது, சிப் குறுக்கே புகுந்து அந்த எழுத்துகளைத் தானே கொடுத்துவிடும். ஆகவே சிப் இல்லாத மெஷினில்தான் போட்டுப் பார்க்கவேண்டும். நண்பர் யாரிடமாவது கை வைக்காத பிளேஸ்டேஷன் 3 இருந்தால் அது போதும், எல்லா பிளேஸ்டேஷன் 3 மாடல்களும் முதலாம் பிளேஸ்டேஷன் சீடியை ஓட்டும், பிரதேசம் மட்டும் பொருந்தவேண்டும்.

கடையில் நிற்கும்போது அந்த வசதி இருக்காது, கண்ணைத்தான் நம்பவேண்டும். சீடியைத் திருப்புங்கள். அடி கறுப்பாக இருக்கவேண்டும், ஆனால் கறுப்பு நிறம் மட்டும் போதாது, கறுப்பு நிற எழுதும் சீடிகளும் விற்பனைக்கு வந்தன. நடு ஓட்டையைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பாருங்கள். டியூப் லைட்டின் கீழ் சீடியைச் சாய்த்து மெதுவாகச் சுற்றினால், அச்சடித்த சீடியில் பொடி எழுத்தும் இலக்கமும் பட்டைக்கோடும் பளபளப்புக்குள் பதிந்திருப்பது தெரியும், ஐரோப்பியப் பிரதிகளில் வழமையாக சோனி டிஏடிசி என்றும் இருக்கும். எழுதிய சீடியில் அது எதுவும் இருக்காது, அல்லது வெறும் சீடி செய்த கம்பெனியின் இலக்கம் இருக்கும். அதைவிட முக்கியம், எழுதிய இடமும் எழுதாத இடமும் இரண்டு நிறமாகப் பிரியும் ஒரு வட்டக் கோடு தெரியும். அந்தக் கோட்டைக் கண்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் சந்தேகம் என்றால் கம்ப்யூட்டரில் போட்டு இம்ஜ்பேர்ன் மென்பொருளில் பாருங்கள், எழுதும் சீடியா அச்சடித்த சீடியா என்று அதுவே சொல்லும். முழுச் சீடியையும் பிரதியெடுத்து அதன் ஹாஷ் இலக்கத்தை (தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற ஒன்று), ஒரிஜினல் சீடிகளின் விபரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ரீடம்ப் தரவுத்தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால், ஒரு பிட் கூடப் பிசகாமல் வாசிக்கப்படுகிறதா என்பதும் தெரிந்துவிடும். விலைகூடிய சாமான் என்றால் இந்த வேலை மினக்கெடத் தகுந்தது.

நிலை பார்ப்பது

இங்கேதான் நேரம் எடுங்கள். பெட்டி உடைந்திருந்தால் கவலைப்படவேண்டாம், மலிவான வேறொரு பழைய ஐரோப்பியக் கேமின் பெட்டியை மாற்றிவிடலாம். முன்பக்கம் நீங்கள் பார்க்கும் அட்டை தனியான அட்டை இல்லை, அது புக்லெட்டின் முதல் பக்கமே. புக்லெட் தொலைந்தால் முகமே போச்சு. அதனால்தான் "சீடி இருக்கு, புக் மட்டும் இல்லை" என்ற பிரதியின் விலை அவ்வளவு விழுகிறது.

புக்லெட்டை எடுத்து நடுப்பக்கத்தைத் திறவுங்கள். இரண்டு ஸ்டேப்பிள் கம்பிகள் இருக்கும். காலி வீதிக்குக் கடல் பக்கம் உள்ள வீடுகளில் இருந்து வரும் புக்லெட்டில் அந்தக் கம்பி துருப்பிடித்து, செம்மண் நிறக் கறை தாளில் ஊறி, கம்பியைச் சுற்றித் தாள் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். கை வைத்தால் நடுத்தாள் கழன்று கையோடு வரும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, அட்டை புதிது போல மினுங்கும். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மணந்து பாருங்கள். பூஞ்சண மணம் இருந்தால் அது உங்கள் மற்ற புக்லெட்டுகளுக்கும் பரவும், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பின்பக்க அட்டையில் பழைய வாடகைக் கடையின் ரப்பர் முத்திரையோ விலை ஸ்டிக்கரோ இருந்தால் விலை குறையும். ஸ்டிக்கர் பெட்டியின் பிளாஸ்டிக்கில் இருந்தால் ஹெயார் டிரையர் சூட்டில் கழற்றலாம், தாளில் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள்.

கலர் பிரிண்ட் போட்ட போலி அட்டைகளும் வருகின்றன. ஒரு சின்னப் பூதக்கண்ணாடி வைத்திருங்கள். அச்சகத்தில் அடித்த தாளில் நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பூப் போல வட்டம் வட்டமாக நிற்கும். வீட்டுப் பிரிண்டரில் அடித்ததில் புள்ளிகள் கண்டபடி சிதறியிருக்கும், சின்ன எழுத்தின் ஓரம் மங்கும்.

சீடியில் கீறல் எந்தப் பக்கம் என்பது பெரிய விஷயம். அடிப்பக்கக் கீறலுக்கும் தரவுக்கும் நடுவில் ஒரு மில்லிமீற்றருக்கும் மேல் தடிப்பான பிளாஸ்டிக் இருக்கிறது, லேசான கீறல் என்றால் ஓடும், தேய்த்தும் எடுக்கலாம். படம் அச்சடித்த மேல்பக்கத்தில் அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை, மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே அலுமினியம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆழமாகக் கீறினால் தரவு போனது போனதுதான். போன் டோர்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தினது போல வெளிச்சம் வருகிற புள்ளிகள் இருந்தால் அலுமினியம் அரித்துப்போக ஆரம்பித்துவிட்டது.

"கம்ப்ளீட்" என்று யாராவது சொன்னால் எதோடு கம்ப்ளீட் என்று கேளுங்கள். கிரான் டூரிஸ்மோ 2க்கு இரண்டு சீடி, ஆர்கேட் ஒன்று, சிமுலேஷன் ஒன்று, ஒன்றுதான் இருந்தால் பாதிதான் இருக்கிறது. ரிட்ஜ் ரேஸர் டைப் 4க்கும் கூடுதல் சீடி ஒன்று வந்தது, பழைய ரிட்ஜ் ரேஸரை வினாடிக்கு 60 பிரேமில் ஓட்டிக் காட்டும் டெமோ. பலருக்கு அது கேமோடு வந்தது என்பதே தெரியாது, தனியே கழற்றி எங்கோ வைத்திருப்பார்கள். கேட்டால் தேடித் தருவார்கள்.

விலை போடுவது

ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. ஈபேயில் போய், விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டு, உங்கள் கையில் இருக்கும் அதே குறியீட்டுப் பிரதி, அதே நிலை, கடைசியாக என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதை எடுங்கள். பிரைஸ்சார்ட்டிங் தளத்தில் வெறும் சீடி, முழுப் பிரதி, பிரிக்காதது என்று மூன்று விலை தனித்தனியே இருக்கும், போக்கு எப்படி என்று பார்க்க அது நல்லது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து நிலைக்கு மதிப்பெண் போட்ட பிரதிகள் ஏலத்தில் எடுக்கும் விலை வேறொரு சந்தையின் விலை, அதைக் கொண்டுவந்து லாச்சிக்குள் கிடந்த சீடிக்குப் போடாதீர்கள்.

இனி அதைக் கொழும்பு விலையாக்கவேண்டும். உதாரணத்துக்கு, முழுப் பிரதி இங்கிலாந்தில் 10 பவுணுக்குப் போகிறது, தபால் செலவு 12 பவுண், ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 8,800 ரூபா ஆகிறது, சுங்கத்தில் ஏதும் கட்டவேண்டி வந்தால் அதுவும் மேலே. இதுதான் உச்சவரம்பு. இதற்கு மேல் இங்கே யாராவது கேட்டால், நீங்களே வெளியிலிருந்து எடுப்பித்துவிடலாம். கீழ் எல்லை, பெரியம்மாவின் மகனின் கைப்பையில் தபால் செலவே இல்லாமல் வந்தால் ஆகிற 4,000. இந்த இரண்டுக்கும் நடுவில், புக்லெட்டின் நிலையைப் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள். வெறும் சீடிக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அது ஓட்டிப் பார்க்கிற சாமான், சேர்க்கிற சாமான் இல்லை.

ரூபா விலையைப் பழைய விளம்பரங்களில் பார்த்து எடுக்கவே கூடாது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, அதே வருடம் மே மாதம் 360 அளவுக்குப் போனது. அந்த விளம்பரம் எந்தக் கிழமையில் போட்டது என்பதைப் பொறுத்து விலை தலைகீழாகும். ஒவ்வொரு முறையும் பவுணிலோ டொலரிலோ தொடங்கி அன்றைய மாற்று விகிதத்தில் கணக்குப் போடுங்கள்.

வைத்துப் பாதுகாப்பது

எங்கள் காற்றின் ஈரம்தான் எதிரி. வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம், மழை மாதங்களில் சுவர் ஈரத்தை உறிஞ்சி உள்ளே விடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு, புத்தகம் அடுக்குவது போல நிமிர்த்தி வையுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால் எப்போது காயவைக்கவேண்டும் என்று அதுவே காட்டிவிடும். ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் வெளியே திறக்கவேண்டாம், வியர்க்கும், கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். நப்தலின் உருண்டை கண்டிப்பாக வேண்டாம். அம்மாமார் அலுமாரிக்குள் உடுப்போடு போடுவது பழக்கம், ஆனால் அந்த ஆவி சீடிப் பெட்டியின் பிளாஸ்டிக்கை மங்கவைத்து இளக்கிவிடும். துடைப்பது என்றால் மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக, சுற்றிச் சுற்றி இல்லை.

ஒவ்வொரு பிரதிக்கும் குறியீடு, எங்கே வாங்கியது, என்ன விலை, எந்தத் திகதி என்று போனிலோ கொப்பியிலோ எழுதி வையுங்கள், வாங்கிய அன்றே படமும் எடுத்து வையுங்கள். விற்க நினைக்கும் நாளில் அந்தப் படங்கள் கைகொடுக்கும். விளம்பரத்தில் முன்னட்டை மட்டும் போடாமல் வளையத்தின் எழுத்து தெரியும் படம், பின்னட்டை, சீடியின் இரண்டு பக்கமும் போடுங்கள். புக்லெட்டின் நடுப்பக்கத்தைத் திறந்து கம்பியைக் காட்டும் படம் ஒன்றும் சேருங்கள், விஷயம் தெரிந்தவர் அதைப் பார்த்துத்தான் போன் அடிப்பார்.